எல்வானீஸ் ஏன் வாய் திறக்கல

எனக்கும் என் தம்பி பொண்டாட்டி எல்வானீஸுக்கும் பதினாலு வருஷம் ஆகவே ஆகாது. ஒரே முற்றம், எதிரெதிர ரெண்டு வீடு, நடுவுல ஒரு கறிப்பலா மரம். காலைல கதவைத் தொறந்தா அவ மூஞ்சிலதான் முழிக்கணும். அவளைப் பத்திப் பேச உனக்கு என்ன யோக்கியதை இருக்கு செலிமேன்னு நீங்க கேட்டா, ஒண்ணும் இல்லதான். ஆனா இந்த ஃபோன்கோயாவ் மலைல அவளைத் தினமும் பாத்துப் பாத்து வயிறெரிஞ்சவ நான் ஒருத்திதான். அதனால நான் சொன்னாத்தான் சரியா இருக்கும்.

எங்க பக்கம் ஒருத்தியை மூஞ்சிக்கு நேரா திட்ட மாட்டோம். நாய்க்கோ பன்னிக்கோ ஒரு பேரை வெச்சு, எதிராளி காதுல விழற மாதிரி கூப்பிட்டாப் போதும். எல்வானீஸ் என் தம்பிக்கு உப்பில்லாத சோறு போடறான்னு நான் ஒரு தடவை ஓடைத் துறைல நாலு பேர்கிட்ட சொல்லிட்டேன். அடுத்த சந்தையில இருந்து அவ ஒரு கறுப்புப் பெட்டைப் பன்னிக்குட்டியை வாங்கிட்டு வந்து, அதுக்கு ‘பேசட்டும்’னு பேர் வெச்சா. விடியறதுக்குள்ள ஆரம்பிச்சுடுவா. “பேசட்டும்! இங்க வா! பேசட்டும், வயிறு முட்டத் தின்னு!” எனக்கு எப்படி இருக்கும்? நானும் ஒரு நாய்க்குட்டியைப் புடிச்சு ‘எனக்கென்ன’ன்னு பேர் வெச்சேன். அவ அந்தப் பக்கம் கத்துவா, நான் இந்தப் பக்கம் கத்துவேன். என் தம்பி ப்ரெவிலோன் நடுவுல மரத்தடியில உக்காந்துகிட்டு வயித்தைப் புடிச்சுச் சிரிப்பான்.

நல்ல சிரிப்பு அவனுக்கு. அப்புறம் இருமல் வந்து அதையும் தின்னுடுச்சு.

எல்வானீஸ் எட்டு வயசுல ஜாக்மெல் பட்டணத்துல ஒரு காப்பி வியாபாரி வீட்டு வேலைக்குப் போனவ. பள்ளிக்கூடத்துல சேக்கறோம்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனாங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. ஆறு வருஷம் தண்ணி எடுத்தா, சட்டி கழுவினா, அந்த வீட்டுப் பசங்களோட செருப்பைத் துடைச்சா. படுக்க எடம் அடுப்படிக்குப் பின்னாடி, பன்னிப்பட்டிக்குப் பக்கத்துல. பன்னி பழகினது அங்கதான். யாரும் சொல்லிக்குடுக்கல. போன புதுசுல, கத்தின குட்டி ஒண்ணைப் பாவமேன்னு கையில தூக்கியிருக்கா. தாய்ப்பன்னி பாஞ்சு வந்து இடது கைச் சுண்டுவிரலைக் கடிச்சுத் துப்பிடுச்சு. வீட்டம்மா ஒரு பழந்துணியைக் குடுத்து, தரையில ரத்தம் படாமப் பாத்துக்கன்னு சொன்னாளாம். அதே தாய்ப்பன்னி ரெண்டு மாசம் கழிச்சு, குளிர் அடிச்ச மழைக்காலத்துல, இவ ஒண்டிக்கறதுக்குத் தள்ளிப் படுத்துச்சாம். “அந்த வீட்டுல எனக்கு எடம் விட்டது அது ஒண்ணுதான் அண்ணி”ன்னு ஒரு தடவை எங்கிட்ட சொன்னா. எங்களுக்குள்ள சண்டை இல்லாத ஏதோ ஒரு நாள் அது.

பதினாலு வயசுல அங்க இருந்து ஓடி வந்தா. என் தம்பி அவளைச் சந்தையில பாத்தான். மிச்சம் உங்களுக்கே தெரியும்.

நான் வாய் விட்டுச் சொல்றேன், அவ மாதிரி பன்னி புடிக்க இந்த மலையில ஆள் கிடையாது. எங்க சரகத்து அதிகாரி ஒரெலுஸ், செஃப்னு கூப்பிடுவோம், அவன்கிட்ட ஒரு தாய்ப்பன்னி இருந்துச்சு. குட்டி போட்டதுல இருந்து கிட்ட விடல. ஒருத்தன் தொடையைக் கிழிச்சுடுச்சு, இன்னொருத்தன் கொய்யா மரத்துல ஏறினவன் பொழுது சாயற வரைக்கும் எறங்கல. ஒரெலுஸ் இடுப்புல துப்பாக்கியோட திரியற ஆளு, அவனே வேலிக்கு வெளிய நின்னு கல்லெறிஞ்சுகிட்டு இருந்தான். எல்வானீஸைக் கூப்பிட்டு விட்டாங்க. நானும் வேடிக்கை பாக்கப் போனேன், அவ கடி வாங்கினாப் பாக்கலாமேன்னு.

அவ மொதல்ல எல்லாரையும் தள்ளிப் போகச் சொன்னா. பட்டிக்கு வெளிய, பன்னிக்கு முதுகைக் காட்டி உக்காந்துகிட்டு, மடியில துவரையைப் போட்டு உரிக்க ஆரம்பிச்சா. சும்மா பேசிகிட்டே உரிச்சா. என்ன பேசினாங்கறீங்க? என் கதைதான். “எங்க அண்ணி இருக்காளே, அவ வாயிக்கு முன்னாடி உன் பல்லு எம்மாத்திரம்”னு பன்னிகிட்ட சொல்றா! சுத்தி நின்னவங்க எல்லாம் என்னைப் பாத்துச் சிரிக்கறாங்க. மூணு நாள் இப்படியே. நாலாம் நாள் பட்டிக்குள்ள போய் ஓரமா உக்காந்தா. வெளிய போற வழியையும் மறைக்கல, குட்டிங்களுக்கும் தாய்க்கும் நடுவுலயும் போகல. அஞ்சாம் நாள் அது வந்து அவ தலைமுடியை மோந்துச்சு. அவ திரும்பவே இல்ல. ஒம்பதாம் நாள் பாத்தா, முன்னங்காலுக்குப் பின்னாடி அவ சொறியச் சொறிய, அந்த ராட்சசி பொத்துன்னு சாஞ்சு, நாலு காலையும் நீட்டிட்டுக் கண்ணை மூடிகிச்சு.

“என்ன மந்திரம் வெச்ச?”ன்னு ஒரெலுஸ் கேட்டான்.

“மூஞ்சிக்கு நேரா போகாதீங்க செஃப், பக்கவாட்டுல போங்க. போறதுக்கு முன்னாடியே குரல் குடுங்க. காதைப் புடிச்சு இழுத்தா அது சாகற வரைக்கும் மறக்காது”ன்னா. “குரல் தெரிஞ்சுட்டா போதும். அப்புறம் நீங்க எங்க இருந்து கூப்பிட்டாலும் வரும்.”

பேசட்டும் வருஷத்துக்கு ஒரு ஈத்து போடும். அதுல ரெண்டு குட்டி அக்டோபர் மாசம் சந்தைக்குப் போகும். அதுதான் அவங்க பொண்ணு யொலேனோட பள்ளிக்கூடம். புத்தகம், நீலப் பாவாடை, செருப்பு, எல்லாம் அந்தப் பன்னி வயித்துல இருந்து வந்ததுதான். அப்போ யொலேனுக்குப் பதினோரு வயசு, நாலாம் வகுப்பு. எங்க குடும்பத்துல தன் பேரைத் தானே எழுதின மொதல் ஆளு. போர்ட்-ஓ-பிரின்ஸ்ல அவளோட ஞானத்தாய் ஒருத்தி, பொண்ணை அனுப்பு, நான் வளத்துக்கறேன்னு வருஷா வருஷம் ஆள் விட்டுகிட்டே இருந்தா. எல்வானீஸ் ஒரே பதில்தான் சொல்லுவா. “என் பன்னி உயிரோட இருக்கற வரைக்கும் என் பொண்ணு அடுத்தவ வீட்டுச் சட்டியைத் தொட மாட்டா.”

அந்த வருஷம் மே மாசக் கடைசியில உத்தரவு வந்துச்சு. பன்னிக் காய்ச்சலாம். எல்லை தாண்டி வந்துருக்காம். தீவுல ஒரு கறுப்புப் பன்னி மிச்சம் இருக்கக் கூடாதாம். எங்க பன்னிங்க ஒரு தும்மல்கூடப் போடல, ஆனா எங்களை யாரு கேட்டா? அப்புறமா புதுப் பன்னி தருவாங்களாம். எந்த ஊர்ல ஒண்ணே ஒண்ணு ஒளிச்சு வெச்சிருந்தாலும் அந்த ஊருக்கே கிடையாதாம். ஒரெலுஸ் இதை மூணு தடவை சத்தமாப் படிச்சான்.

பன்னிங்களை வெட்ட சர்க்கார் ஆளுங்க வந்தப்போ எல்வானீஸை ஒத்தாசைக்குக் கூப்பிட்டாங்க. அவ கையை முதுகுக்குப் பின்னாடி கட்டிகிட்டா. “நம்பி வர்றதை நான் புடிச்சுத் தர மாட்டேன். உங்களுக்கு வேணும்னா நீங்க புடிச்சுக்கங்க.” அவங்க புடிச்ச அழகைத்தான் பாத்தோமே. காதை இழுத்து, காலைக் கட்டி, ஓட ஓட வெட்டி. என் கெடாப்பன்னியை மூணு எடத்துல வெட்டியும் அது சாகல, என் அடுப்பு வரைக்கும் வந்து விழுந்துச்சு. எனக்கு எல்வானீஸ் மேலதான் கோவம். அவ வந்திருந்தா அது வலியில்லாமப் போயிருக்கும்.

பேசட்டும் மட்டும் பட்டியில இல்ல. போன செவ்வாய்க்கிழமை, ஊரே சந்தைக்குப் போயிருந்தப்போ எவனோ திருடிட்டான்னு எல்வானீஸ் சொன்னா. ஒரெலுஸ் வீட்டைக் கொடஞ்சு பாத்தான், ஒண்ணும் இல்ல. நானும் நம்பிட்டேன். உண்மையைச் சொல்லிடறேன், எனக்கு உள்ளுக்குள்ள ஒரு குளுமை. என் கெடா செத்துச்சு, உன்னோடதும் போச்சான்னு.

அன்னையில இருந்து அவ குரல் எறங்கிடுச்சு. முற்றம் அதிரக் கத்தினவ காதுக்குள்ள பேச ஆரம்பிச்சா. கேட்டா தொண்டையில புண்ணும்பா. “பன்னி போனதும் வாயும் போச்சா? இனிமே நான் யார்கூடச் சண்டை போடறது?”ன்னு கேலி பண்ணினேன். அவ சும்மா சிரிச்சா. புருஷன் ரத்தமா இருமினான். அவ குடத்தைத் தூக்கிகிட்டு ஒரு நாளைக்கு ரெண்டு தடவை பின்னாடி காப்பித் தோட்டம் வழியா ஓடைக்கு எறங்குவா. தண்ணி எடுக்க இவ்வளவு நேரமாடின்னு நான் கேப்பேன்.

அப்புறம் யொலேன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஓடைப் பள்ளத்துல, மூங்கில் பொதருக்குள்ள, கத்தாழை வேலி போட்டு பேசட்டும் இருந்துச்சு. சினையா. என் கெடா போட்ட சினை. ஊரே காலியான அந்தச் செவ்வாய்க்கிழமை பட்டப்பகல்ல, எல்வானீஸ் ஒரு பலகையை முட்டிக்கு முன்னாடி வெச்சு, காதுல பேசிகிட்டே அதை நடத்திக் கூட்டிட்டுப் போயிருக்கா. வேலி பெரிய வேலி இல்ல, அது நெனச்சா ஒரு முட்டுல வந்துடும். ஆனா அவ வருவான்னு அதுக்குத் தெரியும், அதனால உக்காந்திருந்துச்சு. அவ குரல் மேல இருந்து கேட்டா மட்டும் கெளம்பி வந்துடும். அதுக்குத்தான் மூணு மாசம் குசுகுசுன்னு பேசினா. இன்னும் தூரமாக் கொண்டு போயிருக்கலாம், ஆனா எந்திரிக்க முடியாத புருஷனை விட்டுட்டு எவ்வளவு தூரம் போவா? என்கிட்ட ஏன் சொல்லல? என் வாயி அவளுக்குத் தெரியாதா?

செப்டம்பர் மொத வாரத்துல என் தம்பி செத்துப் போனான். பேசட்டும் குட்டி போட இன்னும் பத்து நாள் இருந்துச்சாம்.

எங்க ஊர்ல பொணத்தைக் குளிப்பாட்டி முடிக்கற வரைக்கும் அழக் கூடாது. முடிஞ்சதும் அழாம இருக்கக் கூடாது. பொம்பளைங்க இடுப்புல துணியை இறுக்கிக் கட்டிட்டு, தலையில கை வெச்சு, எதிர் மலையில இருக்கறவனுக்கும் இங்க சாவுன்னு தெரியற மாதிரி அலறணும். பொண்டாட்டி குரல்தான் மொதல்ல வரணும். பெட்டியை வாசப்படி தாண்டித் தூக்கறப்போ அவ அலறல் வரலேன்னா, ஊர் என்ன சொல்லும்னு எல்லாருக்கும் தெரியும். புருஷனை அவளே மருந்து வெச்சுத் தின்னுட்டாம்பாங்க.

எல்வானீஸ் காலையில இருந்து வாயே திறக்கல. கண்ணுல தண்ணி கொட்டுது, பல்லு துணியைக் கடிச்சுகிட்டு இருக்கு. நான் அழறேன், என் சித்தி அழறா, வழியில போறவ எல்லாம் அழறா. ஒரெலுஸ் ரெண்டு ஆளோட வந்து மரத்தடியில சாராயம் குடிச்சுகிட்டு உக்காந்திருந்தான், சாவுக்கு வந்தவனைப் போன்னு சொல்ல முடியுமா? பொம்பளைங்க மூலைக்கு மூலை முணுமுணுக்க ஆரம்பிச்சாச்சு. “பாத்தியா, ஒரு சொட்டு சத்தம் இல்ல.” “அந்த இருமல் சும்மா வந்த இருமலா?”

பெட்டியைத் தூக்கிட்டாங்க. வாசப்படி தாண்டுது. அப்பவும் அவ கதவு நெலையைப் புடிச்சுகிட்டு சும்மா நிக்கறா.

எனக்கு எங்க இருந்துதான் வந்துச்சோ. போய் அவ ரெண்டு தோளையும் புடிச்சு உலுக்கினேன். “அடிப்பாவி! என் தம்பி உனக்கு யாருடி? பதினாலு வருஷம் உன்னைக் கண்ணு மாதிரி வெச்சிருந்தானேடி! ஒரு பன்னி செத்தாக்கூட நீ அழுவியே! இவனுக்கு ஒரு சத்தம் கிடையாதா? என்ன வெச்சுக் கொன்ன, சொல்லுடி!”

அவ என்னைப் பாத்தா. “அண்ணி, வேண்டாம்”னு உதடு மட்டும் அசஞ்சுது. “வேண்டாம் அண்ணி.”

“என்னடி வேண்டாம்? கொன்னவ!”ன்னு நான் எல்லாருக்கும் கேக்கற மாதிரி கத்தினேன்.

அதைக் கேட்டு யொலேன் அம்மா இடுப்பைக் கட்டிகிட்டா. “அம்மா, அழும்மா. அப்பா போறாரும்மா. நீ கொல்லலேன்னு அழும்மா.”

அப்போ அவ வாயைத் திறந்தா.

அய்யோ, அந்த மாதிரி ஒரு அலறலை நான் கேட்டதே இல்ல. மூணு மாசம் அடக்கி வெச்சது, பதினாலு வருஷத்துது, எல்லாம் சேந்து வந்துச்சு. “ப்ரெவிலோ…ன்! என்னை விட்டுட்டுப் போறியே!”ன்னு ஒரே மூச்சுல நீட்டினா. பெட்டி தூக்கினவங்களே நின்னுட்டாங்க. எனக்கு மனசு ஆறிடுச்சு. இப்பத்தான்டி நீ பொண்டாட்டின்னு நெனச்சுகிட்டேன். அப்படித்தான் நெனச்சேன், மறைக்க மாட்டேன்.

ரெண்டு நிமிஷம் இருக்கும். காப்பிச் செடி சலசலத்துச்சு. வயிறு தரையில உரச, மூச்சு வாங்க, பேசட்டும் மேடேறி வந்துச்சு. கூட்டத்தைப் பாத்து மெரளல. நேரா எல்வானீஸ்கிட்ட வந்து, அவ முட்டியில மூக்கை வெச்சு உர்ருன்னுச்சு.

ஒரெலுஸ் டம்ளரைக் கீழ வெச்சுட்டு எந்திரிச்சான்.

“திருடு போச்சுன்னியே.”

நான் அவன் காலைப் புடிச்சேன். “செஃப், குட்டி போடப் போற ஜீவன் செஃப். இன்னிக்கு என் தம்பி பொணம் கெடக்குது செஃப்.” அவன் காலை உதறினான். “ஊருக்கே புதுப் பன்னி கிடைக்காது, பரவாயில்லையா? கேளுங்க, எல்லாரும் சரின்னா விட்டுடறேன்.” நான் திரும்பிப் பாத்தேன். ஒருத்தனும் வாய் திறக்கல. என்கூட அழுதவளுங்க எல்லாம் தரையைப் பாத்தாங்க.

அவனோட ஆளுங்க கயித்தோட போனாங்க. ஒருத்தன் காதைப் புடிச்சான். அவ்வளவுதான், பேசட்டும் திரும்பி அவன் கெண்டைக்காலைக் கிழிச்சுடுச்சு. நாற்காலியெல்லாம் உருளுது, பசங்க அலறறாங்க, பெட்டி ஒரு பக்கம் சாயுது. இன்னொருத்தன் அரிவாளை ஓங்கிட்டான், ஒரெலுஸ் கூட்டத்துக்கு நடுவுல துப்பாக்கியை எடுத்துட்டான்.

“நில்லுங்க”ன்னா எல்வானீஸ். “கண்ட எடத்துல வெட்டாதீங்க. நான் படுக்க வெக்கறேன்.”

அவ அது பக்கவாட்டுல போய் மண்ணுல உக்காந்தா. கறுப்புப் பாவாடையெல்லாம் புழுதி. ஏதோ பேசினா, எனக்குக் கேக்கல. சொறிஞ்சா. அது கொஞ்ச நேரம் நடுங்கிட்டு இருந்துச்சு, அப்புறம் முன்னங்காலை மடிச்சு, அப்படியே அவ மடியோரமா சாஞ்சு, கண்ணை மூடிகிச்சு. கையை எடுக்காமயே அவ ஒரெலுஸைப் பாத்து, “காதுக்குப் பின்னாடி. ஒரே தடவையில”ன்னா.

ஒரே தடவையிலதான் முடிஞ்சுது. வயிறு மட்டும் ரொம்ப நேரம் அங்கங்க அசஞ்சுகிட்டே இருந்துச்சு. அவ கையை அது மேலயே வெச்சிருந்தா, அசைவு நிக்கற வரைக்கும். அப்புறம் எந்திரிச்சு, கையைப் பாவாடையில துடைச்சுகிட்டு, பெட்டிக்குப் பின்னாடி நடந்தா. இடுகாடு வரைக்கும் அழல. அதுக்கப்புறமும் நான் பாத்து அழல.

புதுப் பன்னி எங்க ஊருக்கு வரவே இல்ல. ஏன்னு யாரும் சொல்லல. அக்டோபர் வந்துச்சு, பள்ளிக்கூடம் தொறந்துச்சு. எல்வானீஸ்கிட்ட விக்க எதுவும் இல்ல, என்கிட்டயும் இல்ல. நவம்பர்ல ஞானத்தாய் ஆள் அனுப்பினா. லாரி நிக்கற எடம் வரைக்கும் யொலேனை நான்தான் கூட்டிட்டுப் போனேன். மூங்கில் பொதர் கதையை வழி நெடுகச் சொல்லிகிட்டே வந்தா. நான் அவ கையை இறுக்கிப் புடிச்சுகிட்டேன். “அத்தை, அங்க பள்ளிக்கூடத்துல சேப்பாங்களா?”ன்னு கேட்டா. சேப்பாங்கன்னு சொன்னேன்.

எல்வானீஸ் என்னை ஒரு வார்த்தை கேக்கல. சண்டை போட்டிருந்தாலாவது தேவலாம். காலையில கதவைத் தொறந்து, “தூங்கினீங்களா அண்ணி?”ன்னு கேப்பா. நான் செத்துப் போவேன்.

நாலு வருஷம் கழிச்சு, புது வருஷத்துக்கு யொலேனை மூணு நாள் அனுப்பினாங்க. வளந்துட்டா. முழங்கை எல்லாம் கருப்பாக் காய்ச்சுப் போயிருந்துச்சு. பூசணிக்காய் சூப் வெச்சோம். நாங்க மரத்தடியில உக்காந்திருந்தோம், அவ அடுப்படிச் சுவரோரம் நின்னுகிட்டு இருந்தா, நாங்க சாப்பிட்டு முடிக்கட்டும்னு.

“யொலேன்”னு எல்வானீஸ் மெதுவாத்தான் கூப்பிட்டா.

அந்தப் பொண்ணு ஓடி வந்துச்சு. ரெண்டு கையையும் பின்னாடி கட்டி, தலையைக் குனிஞ்சு, “சொல்லுங்க மேடம்”ன்னுச்சு.

எல்வானீஸ் சூப்புக் கிண்ணத்தை எடுத்து நீட்டினா. “உக்காந்து சாப்பிடும்மா”ன்னா. யொலேன் கிண்ணத்தை வாங்கிகிட்டா. உக்காரல.